உன் 2011 பதில் இன்னும் அங்கேயே இருக்கிறது

அன்புள்ள வசந்தி,

நலமா? உன் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் தங்கை சொன்னாள். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பிளஸ் டூ வந்துவிட்டாள். வீட்டில் டிவி போட்டே இரண்டு மாதம் ஆகிறது.

போன வாரம் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன், ஒரு பழைய தரவுத்தளத்தில் தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடுகின்றன என்று வந்து நின்றான். முருகேசன் என்று அடித்தால் ஒன்பது கேள்விக்குறி. நமக்கு ஐந்து எழுத்துதான், ஆனால் கணினி கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுமே. எங்கேயோ பார்த்த நினைவு வந்து தேடினேன். நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் நம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் நீ 2011-இல் எழுதிய பதில் வந்தது! டேபிளை மட்டும் எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் யூடிஎஃப்8 முறைக்கு மாற்றினால் போதாது, தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லோடு பேசும் இணைப்பையும் மாற்ற வேண்டும், எல்லோரும் அதைத்தான் மறக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதுதான் கோளாறு. அதன் கீழே 2018-இல் யாரோ ஒருவர், மைஎஸ்கியூஎல்லின் யூடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் தாங்காது, தமிழ் அதில் அடங்கிவிடும், எமோஜி அடங்காது, அதனால் நான்கு பைட் வரை தாங்கும் யூடிஎஃப்8எம்பி4 போடுங்கள் என்று ஒரு குறிப்பு வைத்திருந்தார். ஏழு வருடம் கழித்து, உன்னைத் தெரியாத ஒருவர், உன் பதிலைச் சரிபார்த்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, வசந்தி.

அந்தத் தளம் 2008 செப்டம்பரில் திறந்தபோது நமக்கு வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால், பதிலை மறைத்து வைத்துக்கொண்டு பணம் கேட்ட தளங்களோடு எவ்வளவு மல்லுக்கட்டினோம். இதைத் தொடங்கிய ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் எல்லாவற்றையும் திறந்து வைத்தார்கள். எழுதுவதெல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உன் பதிலுக்கு ஒரு ஓட்டு விழுந்தால் பத்துப் புள்ளி. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை ஒரு கையில் வைத்துக்கொண்டு நீ பதில் அடித்தது கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம் ஏன் எல்லாம் மாறிப்போனது என்று இந்த ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் படுவது இதுதான். ஆரம்பத்தில் அங்கே ஒன்றுமே இல்லை, அதனால் கேள்வியோடு வருகிறவர்தான் வீட்டுக்கு வந்த விருந்தாளி. சில வருடங்களில் பதில்கள் லட்சக்கணக்கில் சேர்ந்துவிட்டன. சேர்ந்ததைக் காப்பாற்றுவதே பெரிய வேலையாகிவிட்டது. அதே கேள்வியை இன்னொருவர் கேட்டால் ஏற்கெனவே கேட்டாயிற்று என்று மூடினார்கள். வணக்கம், நன்றி என்று எழுதினால் வெட்டினார்கள். ஐம்பது புள்ளி இல்லாதவர் அடுத்தவர் பதிலுக்குக் கீழே ஒரு குறிப்பும் எழுத முடியாது. ஒவ்வொரு விதிக்கும் நியாயம் உண்டு. அவ்வளவு கறாராகச் சுத்தம் செய்யாமல் இருந்திருந்தால் உன் பதில் எனக்குக் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் ஆங்கிலமே தயங்கித் தயங்கி எழுதும் ஒரு பெண் முதல் கேள்வியைக் கேட்டு, ஐந்து நிமிடத்தில் அது மூடப்பட்டால், அவள் திரும்பி வருவாளா? புதியவர்களுக்கும் பெண்களுக்கும் இந்த இடம் இணக்கமாக இல்லை என்று 2018-இல் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. அதற்குள் பத்து வருடம் போய்விட்டது.

2021-இல் அந்த நிறுவனம் 180 கோடி டாலருக்குக் கைமாறியது உனக்கும் தெரியும். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அதில் எழுதி வாங்கிய பதில்களை நீக்க விடாமல் நிறுவனம் கையைக் கட்டுகிறது என்று, தளத்தைச் சம்பளமே வாங்காமல் கண்காணிக்கும் மாடரேட்டர்கள் 2023 ஜூனில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு வருடம் தளத்தின் பதில்களைக் கொடுக்க, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயோடு நிறுவனம் ஒப்பந்தம் போட்டதும், சிலர் கோபத்தில் தங்கள் பதில்களை அழித்தார்கள். தளம் அவற்றைத் திரும்ப வைத்துவிட்டது. எழுதியவருக்கு வலித்திருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனாலும் உன் பதிலை நீ அப்படி அழித்திருந்தால் என்று நினைத்தால் மனம் ஒப்பவில்லை.

ஃப்ரீநோடு அரட்டையில் நாம் உட்கார்ந்திருந்த சேனல்கள் நினைவிருக்கிறதா? 2021 மே மாதம் நிர்வாகத் தகராறு முற்றி, அதை நடத்திய தன்னார்வலர்கள் மொத்தமாக விலகி லிபரா சாட் என்ற புதிய அரட்டைத் தளத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களிலேயே உபுண்டு, ஜென்டூ என்று பெரிய பெரிய திட்டங்கள் எல்லாம் அங்கே குடிபோய்விட்டன. அரட்டைக்காரர்களின் சொத்து ஒருவருக்கொருவர்தானே, அதனால் மூட்டை கட்டுவது சுலபம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நடந்தது நேர்மாறு. பதில்கள் அங்கேயே இருக்கின்றன, ஆட்கள்தான் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள்.

அந்தப் பையன் என்னிடம் வருவதற்கு முன்னால் சாட்பாட்டிடம்தான் கேட்டிருக்கிறான். பாதி சரியான பதில் வந்தது. மீதியை நாங்கள் இருவரும் உன் பதிலை வைத்துச் சரிசெய்தோம். சாட்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், அது யாரையும் முகம் சுளித்துப் பார்ப்பதில்லை, ராத்திரி இரண்டு மணிக்கும் பதில் சொல்லும். ஆனால் அவன் கேட்டதும் அது சொன்னதும் அவன் திரையோடு போயிற்று. அடுத்து அதே இடத்தில் மாட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடைக்காது. அது பாதி தவறு என்று வந்து சொல்லவும் யாருக்கும் வழியில்லை.

உன் பாலிடெக்னிக் பிள்ளைகள் மாட்டிக்கொண்டால் யாரிடம் கேட்கிறார்கள்? ஒருவர் கேள்விக்கு இன்னொருவர் எழுதிப் பதில் சொல்லும் பழக்கம் அவர்களிடம் இருக்கிறதா? அடுத்த கடிதத்தில் விரிவாக எழுது, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

உன் பதிலுக்குக் கீழே நான் ஒரு குறிப்பு போட்டிருக்கிறேன். அட்டவணையை மாற்றும் முன் பேக்கப் எடுங்கள், ஏற்கெனவே கேள்விக்குறியாகிப் போன பெயர்கள் திரும்பி வராது என்று. நாங்கள் நாற்பது பெயர்களைப் பழைய ரசீதுகளைப் பார்த்துக் கையால் அடித்தோம். பாஸ்வேர்டு நினைவிருந்தால் உள்ளே போய்ப் பார். பத்துப் புள்ளி கூடியிருக்கும், அந்த ஓட்டு என்னுடையது.

பொங்கலுக்குத் திருநெல்வேலி வருகிறோம். இரண்டு நாள் உன் வீட்டில்தான்.

அன்புடன்,
தேன்மொழி
கோவை