வெட்டிய கட்டியைச் சோதனைக்கு அனுப்புங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தலையில் கட்டி வந்தால் நம்மவர்கள் 'கொழுப்புக் கட்டிதான், விடு' என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொண்டே வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மயிர்க்கால் உறையிலிருந்து வரும் சாதாரணக் கட்டிதான், கெடுதல் இல்லை, சரி. ஆனால் சிலிண்ட்ரோமா போன்ற அபூர்வக் கட்டிகளும் வெளியே பார்க்கக் கிட்டத்தட்ட அப்படியே, வழவழப்பாக, மேலே முடியில்லாமல் இருக்கலாம். தடவிப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் வைத்தால்தான் சிலிண்ட்ரோமாவின் செல் கூட்டங்கள் ஜிக்சா புதிர்த் துண்டுகள் மாதிரி பொருந்தி நிற்பது தெரியும்.

என் அக்காவுக்கு ஒரு கிளினிக்கில் கட்டியை எடுத்து, சோதனைக்கு அனுப்பாமல் அப்படியே குப்பையில் போட்டுவிட்டார்கள். இப்போது அதே இடத்தில் மறுபடியும் முளைத்திருக்கிறது, முதலில் எடுத்தது என்ன வகை என்று யாருக்கும் தெரியாது. இது சரியில்லை. எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்புவீர்களா என்று வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நிறைய கட்டிகள் இருந்து, அம்மாவுக்கோ பாட்டிக்கோ அதேபோல் இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிலிண்ட்ரோமாவை வரவழைக்கும் சிஒய்எல்டி (CYLD) என்ற மரபணுவின் கோளாறாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கோளாறு வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ காத்திருக்கவே வேண்டாம், இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கினால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மானியக் கட்டணத்தில் தோல் நிபுணரைப் பார்க்கலாம்.

- ஒரு வாசகி, ஈசூன்