ஒரே வரியில் கடந்த வூ லியாங்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த சீனக் கல்லறைச் சிற்பங்கள் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ஷாண்டோங் மாகாணத்து வூ லியாங் மண்டபத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! ஹான் அரசமரபுக் காலத்தில், கி.பி. 151-இல் இறந்த வூ லியாங்குக்காகக் கல்லறையின் முன் எழுப்பிய சிறு கல்மண்டபம் அது. மண்ணில் பாதி புதைந்து கிடந்த கற்களை 1786-இல் கண்டெடுத்தவர் ஹுவாங் யி என்ற அதிகாரி.

அதன் சுவரில் செதுக்கிய, சின் நாட்டு மன்னனைக் கொல்ல ஜிங் கே என்ற கொலையாளி முயன்ற காட்சி ஒன்று போதும். எறிந்த குறுவாள் மன்னனைத் தவறவிட்டுத் தூணில் பாய்ந்து நிற்கிறது. கூட வந்த ஆள் பயத்தில் தரையோடு தரையாகக் கிடக்கிறான். கீழே திறந்த பெட்டிக்குள், மன்னனை நம்பவைக்கக் கொண்டுவந்த, அவனிடமிருந்து தப்பியோடிய தளபதியின் வெட்டுண்ட தலை! கதை தெரியாதவருக்கும் பதறும்.

அப்புறம் ஒன்று. நீங்கள் போட்டிருந்த புகைப்படத்தில் உருவங்கள் சரியாகத் தெரியவில்லை. செதுக்கல் அவ்வளவு மெல்லியது. ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி எடுக்கும் மைப்படியில்தான் அவை பளிச்சென்று துலங்கும். அடுத்த முறை அதையே அச்சிடுங்கள்.

வாசகர், கும்பகோணம்