ஒரு கையில் பிடிக்கிற புத்தகமாக அனுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. சிறுநீரக நோயோடு வாழ்வது பற்றி ஒன்று, மன உறுதி பற்றி ஒன்று, அப்புறம் அந்தத் தடிமனான நாவல். எவ்வளவு அக்கறையாகத் தேடி எடுத்திருக்கிறாய் என்று தெரிகிறது. அதனால்தான் போனில் அவசரமாகச் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த தடவை எனக்கு மாத நாவல்களாக அனுப்பு கண்ணு. ரமணிசந்திரன், ராஜேஷ்குமார், கிடைத்தால் முத்து காமிக்ஸ்.

"இன்னுமா அந்தக் குப்பையெல்லாம் படிக்கிறீங்க?" என்று கேட்டாயே. ஆமாம், படிக்கிறேன். நான் மட்டுமில்லை, டயாலிசிஸுக்கு என்னோடு வருகிற முக்கால்வாசிப் பேர் படிக்கிறார்கள்.

முதலில் கையைப் பற்றிச் சொல்கிறேன். இடது கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள் இல்லையா, அதில் இரண்டு ஊசி இறங்கும். ஒன்றில் ரத்தம் மெஷினுக்குப் போகும், இன்னொன்றில் சுத்தமாகித் திரும்பி வரும். நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக்கூடாது. மிச்சமிருப்பது வலது கை ஒன்றுதான். உன் தடிமனான நாவலை அந்த ஒரு கையால் கால் மணி நேரம் பிடித்துப் பார்த்தேன், மணிக்கட்டு விட்டுப்போயிற்று. மாத நாவல் என்றால் சாணித் தாள், நூறு பக்கம் போல இருக்கும். படித்த பக்கத்தை அப்படியே பின்னால் மடித்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளலாம். ராஜேஷ்குமார் கதை என்றால் ஊசியைப் பிடுங்குவதற்குள் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும். ரமணிசந்திரன் கொஞ்சம் நீளம், அடுத்த முறைக்கும் வரும்.

டயாலிசிஸ் வார்டில் ஒரு மஞ்சப்பை தொங்குகிறது. படித்து முடித்ததை அதில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வோம். கேத்தி அக்காதான் ஆரம்பித்து வைத்தார். புகுந்த வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படித்தவராம். நானும் உன் பாட்டி கண்ணில் படாமல் அடுப்படியில் படித்தவள்தானே. இப்போது யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஸ்வெட்டர், சால்வை, குரங்குக் குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு (ரத்தம் வெளியே சுற்றி வருவதால் உள்ளுக்குள் குளிர் எடுக்கும், ஊட்டிக் குளிர் வேறு) நாங்கள் பெண்கள் வரிசையாகப் படுத்துக் காதல் கதை படிக்கிறோம்.

எல்லாக் கதையும் ஒரே மாதிரி என்கிறாய். எனக்கு வேண்டியது அதுதான். அவன் கோபக்காரன், அவள் ரோஷக்காரி, எத்தனை சண்டை போட்டாலும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரியும். இந்த மாதம் பொட்டாசியம் எவ்வளவு வரும், இன்று எத்தனை கிலோ நீர் எடுப்பார்கள், நடுவில் பிரஷர் இறங்குமா, எதுவும் முன்கூட்டித் தெரியாது. கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தால் புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். வலி விட்டதும் எடுத்தால் விட்ட இடத்தில் கதை எனக்காகக் காத்திருக்கிறது. கனமான எழுத்து என்றால் பத்துப் பக்கம் பின்னால் போக வேண்டியிருக்கும். நோயைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதை டாக்டரும் டெக்னீஷியன் பிள்ளைகளும் சொல்லிவிட்டார்கள். வாழைப்பழம், இளநீர் கூடாது, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், இந்தக் கையில் ரத்தம் எடுக்க விடக்கூடாது. ஊசி குத்திக்கொண்டு படுத்திருக்கும்போதும் அதையே படிக்கச் சொல்லாதே.

கூடலூர் அண்ணன் காமிக்ஸ்காரர். 1972-ல் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தபோது முதல் புத்தகமாக வந்ததே இரும்புக்கை மாயாவிதான் என்று பெருமையாகச் சொல்வார். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடம்பு முழுக்க மறைந்து அந்த இரும்புக்கை மட்டும் தெரியும். ஃபிஸ்டுலா மேல் விரலை வைத்தால் விர்ரென்று அதிருமே, அந்த அதிர்வு இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். புதிதாக வந்த ஒரு பையன் தொடவே பயந்தான். அண்ணன் தன் கையை நீட்டி, "தொட்டுப் பாருடா, மாயாவி கரண்ட்" என்றார். பையன் சிரித்துவிட்டான். இப்போது வந்ததும் வராததுமாகப் பைக்குள் மாயாவியைத்தான் தேடுகிறான்.

எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு, முடிவை யாருக்கும் சொல்லக்கூடாது. ஒரு முறை மட்டும் மீறினேன். கேத்தி அக்காவைத் திடீரென்று ஐசியூவில் சேர்த்தபோது, அவர் பாதியில் விட்ட புத்தகம் பையில் கிடந்தது. அவர் மகள் போன் செய்து, "அம்மா முடிவைக் கேக்கறாங்க ஆண்ட்டி" என்றாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுக் கடைசி இரண்டு அத்தியாயத்தையும் வரி விடாமல் வாசித்தேன். அவர் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அக்கா திரும்பி வரவில்லை தம்பி. அந்தக் கதை முடியாமல் அவர் போகவில்லை என்பதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது. அதைக் குப்பை என்று இனி நீ சொல்லக்கூடாது.

நோயாளிகள் இளைப்பாற வந்து வளர்ந்த ஊர்தானே ஊட்டி. வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற மலையேறி வந்தார்கள், 1859-லேயே நீலகிரி லைப்ரரியையும் தொடங்கிவிட்டார்கள். படுத்திருக்கும் மனுஷருக்குப் படிக்க ஏதாவது வேண்டும் என்பது இந்த மலைக்குப் பழைய சங்கதி.

இன்னொரு முக்கியமான விஷயம். அந்தப் பையனுக்கு அவன் அம்மா கிட்னி கொடுக்கப்போகிறார். ஆபரேஷனுக்கு அப்புறம் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை போடுவார்கள், அப்போது பூஞ்சை ஆகவே ஆகாது. இங்கே ஆடி மழையில் புத்தகமெல்லாம் நமுத்துப் பச்சை பூத்துவிடுகிறது. நான் கோத்தகிரி வீட்டு மாடியில் வெயில் காட்டித்தான் பைக்குக் கொண்டுபோகிறேன், ஆனாலும் அவனுக்குப் பழசைக் கொடுக்க மனசு வராது. அதனால் மாயாவி மட்டும் புது மறுபதிப்பாகப் பார்த்து வாங்கு, பிரிக்காமல் அனுப்பு. மற்றவை பழையதாக இருந்தால் போதும், கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார். கடைசிப் பக்கம் கிழிந்த ஒன்று வந்து, நாங்கள் ஆளுக்கொரு முடிவு சொல்லி அன்றைக்குப் பெரிய சண்டையாகிவிட்டது.

பார்சலை அப்பா பெயருக்கே போடு. டயாலிசிஸ் நாளில் நான் விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவேன், அவர் வாங்கி வைப்பார். மருமகளிடம் ரமணிசந்திரன் பழைய புத்தகம் இருந்தால் அதையும் கேட்டு வாங்கி வை. என்னென்ன தலைப்பு என்று போனில் படித்துச் சொல்லச் சொல், நான் ஏற்கெனவே படித்ததை அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
அம்மா