ரோட்டா சொட்டு மருந்து பத்தி எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். 6, 10, 14 வாரத்துல குழந்தைங்களுக்கு குடுக்குற, கடுமையான பேதிய உண்டாக்குற ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்து பத்தி உங்க பேப்பர்ல ஒரு முழுப்பக்கம் போடுங்க சார். 1980கள்ல டெல்லி எய்ம்ஸ்ல பிறந்த சில பச்சக்குழந்தைங்களுக்கு இந்த வைரஸ் இருந்தும் பேதியே வரல, ஏன்னு டாக்டர் எம்.கே.பான் குழு விடாம தேடுனாங்க, கடைசில அந்த வைரஸே மருந்தாச்சு, அதான் ரோட்டாவாக். டெல்லி, புனே, நம்ம வேலூர்னு 6,799 குழந்தைங்ககிட்ட சோதிச்சாங்க, 2014ல முழு ரிசல்ட் வெளியாச்சு, முதல் வருஷத்துல கடுமையான ரோட்டா பேதிய பாதிக்கு மேல தடுத்துச்சு. 2016ல அரசு தடுப்பூசி திட்டத்துல சேர்ந்துச்சு. எங்க அக்கா பையன் பேதியில கண்ணு உள்ள போயி ட்ரிப்ஸோட கிடந்தத பார்த்தவ நான், அதனால சொல்றேன், சோதனைக்கு சம்மதிச்ச அந்த வேலூர் அம்மாக்கள பத்தியும் அவசியம் எழுதுங்க.

ஒரு வாசகி, குடியாத்தம்