திருகைத் தொடாதே, கதிர்

கிரீன் பே, விஸ்கான்சின்
ஆகஸ்ட் 18

அன்புள்ள கதிர்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. மலர் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறிவிட்ட செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கிண்டி விடுதியில் பல்லிக்குப் பயந்து கட்டில்மேல் ஏறி நின்றவனின் மகள் மொன்டானா மலையில் எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்குப் போகப்போகிறாள்! என் மனைவி இன்னும் நம்பவில்லை. நீ கதை விடுகிறாய் என்கிறாள்.

குசலம் பிறகு. நீ கேட்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உன் கல்லூரியில் ஓய்வுபெற்றவர் கொடுத்த ரெமிங்டன் 700 ரைஃபிளின் டிரிகர் கனமாக இருக்கிறது (இழுக்க அதிக பலம் வேண்டியிருக்கிறது), துப்பாக்கியின் கட்டையைக் கழற்றி, முன்பக்கத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், செய்யலாமா என்கிறாய். செய்யாதே. அந்தத் திருகின் பக்கமே போகாதே. டிரிகரை மொத்தமாக எடுத்துவிட்டு வேறொன்றைப் போடு. அதையும் துப்பாக்கி வேலை முறையாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் செய். அதுவரை அந்த ரைஃபிளில் தோட்டா ஏற வேண்டாம்.

காரணம் சொல்லாமல் உத்தரவு போட்டால் நீ கேட்கிற ஆள் இல்லை என்பது தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் எஃகுத் தண்டை, மூடும்போது சுடும் ஊசி ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்னால் நிற்கிறது அல்லவா? அதை முன்னே பாயவிடாமல் தடுக்கும் எஃகுத் துண்டுதான் சியர். சியர் கீழே இறங்கினால் ஊசி பாயும். பெரும்பாலான ரைஃபிள்களில் டிரிகரின் மேல் விளிம்பே சியரைத் தாங்கி நிற்கும். ரெமிங்டனுக்காக மைக் வாக்கர் வடிவமைத்த டிரிகரில் மட்டும் இரண்டுக்கும் நடுவே கனெக்டர் என்று ஒரு மெல்லிய தகடு உண்டு. அது டிரிகரோடு பிணைக்கப்படவில்லை. ஸ்பிரிங் அழுத்தத்தில் சாய்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை சுடும்போதும் அது டிரிகரைவிட்டு விலகி, மறுபடி வந்து படிய வேண்டும்.

வாக்கர் துல்லியச் சுடுதல் போட்டிகளில் மூழ்கிய மனிதர். அந்தக் கனெக்டரால்தான் அவருடைய டிரிகர் அப்பளம் உடைவதுபோல் சட்டென்று விடுபடுகிறது. அக்காலத் தொழிற்சாலை டிரிகர்களில் அதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. அமெரிக்க மரைன் படையின் எம்40, தரைப்படையின் எம்24 என்ற குறிசுடும் ரைஃபிள்கள் இரண்டுமே 700-ஐ அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டவை. லட்சக்கணக்கானோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் காலம் முழுவதும் வேட்டையாடியிருக்கிறார்கள். மோசமான துப்பாக்கி என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் அந்த இடுக்கில் ஏதாவது போய்ச் சேர்ந்தால்? ஒரு துகள் துரு, பனிக்கட்டி, அல்லது யாரோ தாராளமாக அடித்த எண்ணெய் வருடக்கணக்கில் இறுகிப் பிசினாகிப்போனது என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். கனெக்டர் முழுதாகத் திரும்பாது. சியர் முடியளவு விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

இப்போது சேஃப்டிக்கு, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் சிறு விசைக்கு, வா. 700-இன் சேஃப்டி ஊசியைப் பூட்டுவதில்லை. சியரைக் கனெக்டரிலிருந்து சற்றே தூக்கிப் பிடிக்கிறது. அப்படித் தூக்கியிருக்கும்போது கீழே கனெக்டர் இடம் தவறி நின்றால், சேஃப்டியை விடுவிக்கும் நொடியில் சியர் தாங்கல் இல்லாமல் இறங்கிவிடும். விரல் டிரிகரில் படாமலே குண்டு புறப்படும். வேறொரு நிறுவனத்தின் பழைய ரைஃபிளான வின்செஸ்டர் 70-இல் சேஃப்டி ஊசியையே பிடித்து நிறுத்துகிறது. அதை நடு நிலையில் வைத்துக்கொண்டு, ஊசி பூட்டியபடியே போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்கலாம்.

உன்னுடையது 1970களில் செய்தது என்கிறாய். அந்தக் காலத்து 700-இல் சேஃப்டி போட்டிருந்தால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். தோட்டாவை எடுக்க வேண்டுமானால் முதலில் சேஃப்டியைச் சுடும் நிலைக்குத் தள்ள வேண்டும். 1982-இல்தான் இந்தப் பூட்டை நீக்கினார்கள். மாலையில் எல்லோரும் களைத்து வண்டியருகே கூடி நிற்கும்போது, துப்பாக்கியைக் காலி செய்கிற வேலைதான் இருப்பதிலேயே ஆபத்தான வேலையாகிறது. 2000 அக்டோபரில் உன் மாநிலத்தின் தென்மேற்கு மலைப்பகுதியில் நடந்தது இதுதான். ஒரு தாய் தன் 700-ஐக் காலி செய்யச் சேஃப்டியைத் தள்ளினார். துப்பாக்கி வெடித்தது. குதிரை ஏற்றும் வண்டிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒன்பது வயது மகன் இறந்துபோனான். டிரிகரில் விரல் வைக்கவே இல்லை என்றார் அந்தத் தாய். உன் ஊரில் வேட்டைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கதை தெரிந்திருக்கும்.

என்னை உறுத்துவது இன்னொன்று. இந்த டிரிகரோடு, 700-க்கு முன்னோடியான மாடல் 721 விற்பனைக்கு வந்தது 1948-இல். அதே வருடம் வாக்கரே, டிரிகரைத் தடுத்து நிறுத்தும் ஒரு சிறு பகுதியைச் சேர்க்கலாம் என்று நிறுவனத்துக்குள் எழுதிக் கொடுத்தார். துப்பாக்கி ஒன்றுக்கு ஐந்தரை சென்ட் கூடுதல் செலவு என்று கணக்குப் போட்டார்கள். சேர்க்கவில்லை. வடிவமைப்பில் குறை இல்லை, பராமரிக்காதவர்களும் திருகுகளை நோண்டியவர்களும்தான் காரணம் என்பது நிறுவனத்தின் நிலை. கடைசிவரை அதிலிருந்து மாறவில்லை. அதை நம்புகிறவனாக நீ இருந்தாலும் சரி, வழக்குப் போட்டவர்களை நம்புகிறவனாக இருந்தாலும் சரி, உன் பக்கத்து வீட்டுக்காரரின் யோசனைக்கு இரு தரப்பிலும் ஆதரவு கிடையாது.

அந்த யோசனையில் என்ன கோளாறு என்று பார். வாக்கர் டிரிகரில் மூன்று திருகுகள். பின்னால் இருப்பது சியரும் கனெக்டரும் எவ்வளவு பற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்கு. முன்னால் மேலே இருப்பது, விடுபட்ட பிறகு டிரிகர் எவ்வளவு தூரம் பின்னே போகலாம் என்பதற்கு. முன்னால் கீழே இருப்பதுதான் கனத்துக்கு. அவர் தளர்த்தச் சொல்வது இந்தத் திருகை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்தான் கனெக்டரைத் தன் இடத்துக்குத் திருப்பித் தள்ளுவதும்! கனத்தைக் குறைக்கக் குறைக்க, கனெக்டரைத் திரும்பக் கொண்டுவரும் பலமும் குறைகிறது. நீ அனுப்பிய மூன்றாவது படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பின்பக்கத் திருகில் தொழிற்சாலை வைத்த அரக்கு உடைந்திருக்கிறது. யாரோ ஏற்கெனவே கைவைத்துவிட்டார்கள். எவ்வளவு திருப்பினார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தை உள்ளே விட்டுக் கழுவினால் பிசின் கரைந்துவிடும் என்றும் சொல்வார்கள். உண்மைதான், கரையும். மற்ற துப்பாக்கிகளுக்கு நல்ல வைத்தியம். இதற்குப் போதாது.

இனி, என்ன வாங்குவது? டிம்னி 1946 முதல் டிரிகர் செய்துவருகிறார்கள். நடுவில் தகடு கிடகடு எதுவும் இல்லாத எளிய அமைப்பு. அழுக்கையும் குளிரையும் தாங்கும். டிரிகர்டெக் கனடாக்காரர்கள் செய்வது. சியருக்குக் கீழே ஒரு சிறு உருளையை வைத்து உராய்வைக் குறைத்திருக்கிறார்கள். விடுபடுவது மிக அழகு. ஜூவல் என்ற நிறுவனத்தின் டிரிகர் போட்டிக்காரர்களின் பிரியம், தூசி நிறைந்த மலைக்கு நான் வாங்க மாட்டேன். உனக்கு என் தேர்வு டிம்னி. எதை வாங்கினாலும் சேஃப்டி சேர்ந்தே வருவதை வாங்கு. சேஃப்டி போட்டபடியே போல்ட் திறக்குமா என்று கேட்டு உறுதி செய்துகொள். அந்த ஒரு வசதிக்காகவே கொடுக்கிற பணம் தகும். அப்போதும் அது ஊசியைப் பூட்டும் சேஃப்டியாகிவிடாது. குழல் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் மலர் வகுப்பில் கற்றது அப்படியே இருக்கட்டும்.

யாராவது பழைய எக்ஸ்-மார்க் புரோ ஒன்றை மலிவாகத் தருவதாகச் சொல்லலாம். வாக்கருக்குப் பதிலாக ரெமிங்டன் 2006-இல் கொண்டுவந்தது அது. ஒட்டுப்பசை அதிகமாகிப்போனதால் 2014-இல் லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். வரலாறு தெரியாத டிரிகர் வேண்டாம். இந்த டிரிகர்களைப் பற்றிய கூட்டு வழக்கு சமரசமானபோது ரெமிங்டன் இலவசமாக மாற்றித் தந்ததே என்று கேட்பாய். 75 லட்சம் துப்பாக்கிகளுக்கான அந்தச் சமரசத்தில் விண்ணப்பிக்கும் கெடு 2020-இலேயே முடிந்தது. 721, 722 வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? பத்து டாலர் கூப்பன். அதே வருடம் நிறுவனமும் திவாலாகித் துண்டு துண்டாக விற்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்து இலியன் ஊரில் இருந்த பழைய ஆலையை 2024-இல் மூடிவிட்டார்கள். ஓர் ஊரே அந்த ஆலையை நம்பி இருந்தது. காகித ஆலையில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் அந்தச் செய்தியை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை.

எவ்வளவு கனம் வைப்பது? மலருக்கு மூன்று முதல் மூன்றரை பவுண்டு வைக்கச் சொல். போட்டிக்காரர்கள் சில அவுன்சில் வைத்துக்கொள்வார்கள்; அவர்கள் சுடுவது மேசையில் சாய்த்துவைத்த துப்பாக்கியால். மலையேறி மூச்சு வாங்க, உறைந்த விரலில் கையுறையோடு நிற்கும் பெண்ணுக்கு அது பொருந்தாது. கனம் குறைவதைவிட முக்கியம், டிரிகர் இழுபட்டு இழுபட்டு வராமல் ஒரே இடத்தில் ஒரே மாதிரி விடுபடுவது. எப்போது விடுபடும் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால் மூன்றரை பவுண்டு கனமாகவே தோன்றாது. என் சாவேஜ் ரைஃபிளில் இருக்கும் அக்யூடிரிகர் என்ற டிரிகரில் நடுவே ஒரு மெல்லிய நாக்கு உண்டு. அதை அழுத்தாமல் சியர் முழுதாக விடுபடாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வந்த பிறகுதான் மற்ற நிறுவனங்களும் கல்லாய்க் கனக்கும் டிரிகர்களைக் கைவிட ஆரம்பித்தன.

வேலை முடிந்து துப்பாக்கி கைக்கு வந்ததும், தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, அவர் முன்னாலேயே சோதித்துப் பார். போல்ட்டை வேகமாக அடித்து மூடு. ஊசி விழக் கூடாது. சேஃப்டி போட்டு டிரிகரை அழுத்தி, விரலை எடுத்துவிட்டு, சேஃப்டியை விடுவி. விழக் கூடாது. ரப்பர் விரிப்பின்மேல் துப்பாக்கியின் அடிக்கட்டையை நன்றாகத் தட்டு. அப்போதும் விழக் கூடாது. இதையெல்லாம் திரும்பத் திரும்பச் செய். ஒரே ஒரு முறை விழுந்தாலும் அவரிடமே விட்டுவிட்டு வந்துவிடு. கழற்றிய பழைய டிரிகரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள், யாருக்கும் கொடுத்துவிடாதே.

செப்டம்பர் பிறந்துவிட்டால் துப்பாக்கி வேலை செய்பவர்கள் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. உங்கள் பக்கம் வேட்டைப் பருவம் அக்டோபர் கடைசியில் தொடங்கிவிடும், எனவே இந்த வாரமே கொண்டுபோய்க் கொடு. எங்களுக்கு வழக்கம்போல் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமைதான். ஊரே ஆரஞ்சு உடையில் காட்டுக்குள் இறங்கிவிடும். முழங்கால் ஒத்துழைத்தால் நானும் போவேன், இல்லையென்றால் வண்டியில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் காபியைக் காலி செய்வேன்.

முருகேசன் சென்னையிலிருந்து பேசினான். பேரன் பிறந்திருக்கிறானாம். விடுதி நண்பர்கள் எல்லோரும் ஜனவரியில் கூட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். நீ வருவதாக இருந்தால் நானும் டிக்கெட் போடுகிறேன். ரைஃபிளின் வரிசை எண்ணையும் சேஃப்டி பக்கத்துப் படம் ஒன்றையும் அனுப்பு, எந்த மாதிரி டிரிகர் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராகவன்