உங்கள் வாசகத்தை அச்சடித்தவனின் திறந்த மடல்

தமிழில் வாசகம் எழுதி டி-சர்ட் விற்கும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். திருப்பூரில் பிரிண்டிங் பட்டறையில் 16 வருஷம் டேபிளில் நின்றவன் நான். இப்போது சொந்தமாக இரண்டு டேபிள் போட்டு, ஐந்து பேரோடு ஜாப் ஒர்க் செய்கிறேன், அதாவது மற்றவர்கள் கொடுக்கும் துணியில் கூலிக்கு அச்சடித்துத் தருகிறேன். ஒரு வாசகத்தை நீங்கள் ஒருமுறை எழுதுகிறீர்கள். நாங்கள் ஆயிரம், இரண்டாயிரம் தடவை ஸ்கிரீனை வைத்து, இங்க்கை இழுத்து, தூக்கிப் பார்க்கிறோம். பகல் முழுக்க ஒரே வரியைப் பார்த்தால் அது மனசில் இறங்காமல் இருக்குமா? ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் உட்காரும்போதும் அந்த வரியே ஓடிக்கொண்டிருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டேபிளுக்கு வந்ததெல்லாம் ஆங்கில வரிகள்தான். ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தால்கூட எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்புறம் நீங்கள் வந்தீர்கள். பாரதி முகம் வந்தது, பெரியார், அம்பேத்கர் வந்தார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் நிறைந்த அந்த வாரம் காளை படம் போட்டே தோள்பட்டை விட்டுப்போனது. சாதி வேண்டாம், நதியைக் காப்போம், உழவன் இல்லாமல் சோறில்லை என்று எத்தனையோ வரிகள். நாங்கள் அடிப்பதை நாங்களே படிக்க ஆரம்பித்தோம். இந்த மடலை எழுதத் தோன்றியதும் அதனால்தான். அர்த்தம் புரியாமல் இருந்திருந்தால் சும்மா இருந்திருப்பேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஏப்ரல் கடைசி. ஒரு ஆர்டர் வந்தது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் மனம்போல வாழ்க்கை என்று மூன்று வரி. மே தினத்துக்கான டி-சர்ட், 1,200 பீஸ், கருப்புத் துணியில் வெள்ளை எழுத்து. முதல் தேதி காலையில் சரக்கு சென்னையில் இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் கைக்கு வெட்டிய துணி வந்தது 28ஆம் தேதி மதியம். நாங்கள் அடித்துக் கொடுத்தால்தான் தையலுக்குப் போகும். அதற்கப்புறம் செக்கிங், பிசிறு வெட்டுவது, அயர்ன், பேக்கிங் எல்லாம் இருக்கிறது.

கருப்பில் வெள்ளை ஒரே இழுப்பில் நிற்காது. ஒருமுறை அடித்து, சூடு காட்டி, அதன் மேலேயே இன்னொரு முறை அடிக்க வேண்டும். 1,200 பீஸ் என்றால் கை 2,400 தடவை போய் வர வேண்டும். ராத்திரி ஒரு மணி இருக்கும். எங்களோடு நின்ற பையன் ஒருவன் துணியைப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, எட்டு மணி நேரம்னு போட்டிருக்குதே, நாம இன்னைக்கு எத்தனை மணி நேரமுங்க?" என்று கேட்டான். காலை ஒன்பதுக்கு வந்தவன் அவன். பதினாறு முடிந்திருந்தது. அவனுக்குப் பதில் சொல்லாமல் அடுத்த பீஸை எடுத்து வைத்தேன். தையலில் அக்காக்கள் மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார்கள். எங்களுக்குப் பணம் வந்தது 70 நாள் கழித்து.

ஆர்டர் கொடுத்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. மனசில் இருந்துதான் அந்த வாசகத்தை எழுதியிருப்பார்கள். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியதுதான் இந்தியாவின் முதல் மே தினம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கும். ஆனால் அந்த ஆர்டர் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்று பின்னால் விசாரித்தேன். எழுத்தின் வடிவம் முடிவாகாமல் பத்து நாள் இழுத்ததாம். வளைவு கொஞ்சம் மாற வேண்டும், இடைவெளி குறைய வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். அழகாக வர வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட அந்தப் பத்து நாளையும் எங்கள் தூக்கத்தில் கழித்துக்கொண்டார்கள். கடைசித் தேதி மட்டும் நகரவே இல்லை.

டிசைன் என்பது நெஞ்சில் வரும் படத்தோடு முடிந்துவிடுவதில்லை, தம்பி. எந்தத் தேதியில் முடிவு சொல்கிறீர்கள், என்ன கலர் கேட்கிறீர்கள், எந்த இங்க், எத்தனை பீஸ், பணம் எப்போது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் டிசைன். நீங்கள் கம்ப்யூட்டரில் வைக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இங்கே ஒரு கை அசைகிறது.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் ஊரைவிடப் பெரிய சாட்சி டாக்கா பக்கத்தில், சாவரில் இருக்கிறது. 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கும் மேல் செத்துப்போனார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். மேலே தையல் வேலை பார்த்தவர்களை மட்டும் மறுநாள் காலையில் உள்ளே அனுப்பினார்கள். வங்கிக்காரருக்கு ஒரு நாள் மூட முடிந்தது. தையல்காரருக்கு முடியவில்லை, ஏனென்றால் சரக்கு போக வேண்டிய தேதி தலைக்குமேல் நின்றது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க "என் உடையைச் செய்தது யார்?" என்று மக்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நல்ல கேள்வி. ஆனால் அங்கே கட்டடங்களுக்குத் தீயணைப்புக் கதவும் பலமான தூணும் வந்ததற்குப் பெரிய காரணம், அதே வருஷம் மே மாதம் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். மீறினால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டிய காகிதம் அது.

நம் பக்கத்திலும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். பெண்கள் முன்நின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும், எச் அண்ட் எம் என்ற வெளிநாட்டுத் துணி நிறுவனத்தோடும் ஒப்பந்தம் ஆனது. கேப், பிவிஎச் என்ற அமெரிக்கத் துணி நிறுவனங்களும் பின்னால் சேர்ந்தன. அந்த ஒப்பந்தப்படி பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் கண்காணித்தவர்கள் யாரோ வெளியூர் ஆபீசர்கள் இல்லை, பயிற்சி பெற்ற தொழிலாளிப் பெண்களே. ‘பெண்ணே எழு’ என்று நான் நூறு விதமாக அச்சடித்திருக்கிறேன். இந்த ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு டி-சர்ட்கூட இன்னும் என் டேபிளுக்கு வரவில்லை.

வாசகமும் வேலையும் விலகினால் என்ன ஆகும் என்று 2019இல் இங்கிலாந்தில் பார்த்தார்கள். பெண்களின் சமத்துவத்துக்காகப் பணம் திரட்ட ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாட்டுக் குழுவின் பேரில் ஒரு டி-சர்ட் விற்றார்கள். அதைத் தைத்த பங்களாதேஷ் பெண்களுக்கு மணிக்கு 35 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டில் மூன்றில் ஒரு பங்குதான் கூலி என்று கார்டியன் பத்திரிகை எழுதியது. பாடகிகளுக்கும், அந்தப் பணம் போக வேண்டிய தொண்டு அமைப்புக்கும் முன்பே அது தெரியாது. ‘எங்களுக்குத் தெரியாது’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், இல்லையா?

கலரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களுக்குக் கருப்பு என்றால் உயிர். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கருப்பு மாதிரி அடர் நிறத்துக்கு ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ, சில சமயம் அதற்கு மேலும் உப்பு போகும். பிடிக்காத சாயமும் அத்தனை உப்பும் கழிவுத் தண்ணீரில்தான் வரும். அந்தத் தண்ணீர் பல வருஷம் எங்கள் ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் போனது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வராத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. சுமார் 700 பட்டறைகள் மூடின. துணி வராமல் எங்கள் டேபிளும் காலியாகக் கிடந்தது. அந்த மாதங்களில் வீட்டில் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் வழக்குப் போட்ட விவசாயி மேல் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. அவர் கிணற்றுத் தண்ணீரை மாடுகூடக் குடிக்கவில்லையே.

இப்போது பட்டறைகளில் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்ப எடுக்கிறார்கள், உப்பையும் மீட்கிறார்கள். அதற்குச் செலவு அதிகம். அந்தச் செலவைச் செய்யாமல் ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிடும் பட்டறைத் துணி மலிவாகக் கிடைக்கும். நீங்கள் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவாகக் கேட்டால், அந்தத் துணிதான் உங்களிடம் வரும். நதியைக் காப்போம் என்று அதன் மேல் எழுதச் சொல்வீர்கள், நாங்களும் எழுதித் தருவோம்.

சாயமே போடாத துணி ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பழுப்பு, பருத்தியின் சொந்த நிறம். அதன் மேல் கருப்பு எழுத்து ஒரே இழுப்பில் நிற்கும். எங்கள் கைக்கும் பாதி வேலை, நொய்யலுக்கும் நல்லது. எல்லாவற்றையும் அதில் போடச் சொல்லவில்லை. பத்து டிசைனில் மூன்றையாவது போட்டுப் பாருங்களேன். அப்புறம் இங்க். தடவினால் பிரிண்ட் கைக்கே தட்டக்கூடாது என்று கேட்கிறீர்கள். கருப்புத் துணியில் அதைச் செய்ய டிஸ்சார்ஜ் பேஸ்ட் போட வேண்டும். துணியின் சாயத்தையே அரித்து எடுக்கும் மருந்து அது. சூட்டில் வைக்கும்போது வரும் புகையில் ஃபார்மால்டிஹைட் இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத சின்னப் பட்டறையில் கண்ணில் தண்ணீர் கொட்டும். அதைக் கேட்கும் முன், அடிக்கிற இடத்தில் எக்ஸாஸ்ட் இருக்கிறதா என்று ஒரு போன் போடலாம்.

பணத்தைப் பேசாமல் விட்டால் இதெல்லாம் வீண். 499 ரூபாய்க்கு விற்கும் டி-சர்ட்டில் எங்கள் டேபிளுக்கு வருவது பீஸுக்கு ஒற்றை இலக்கம்தான். உங்கள் லாபமும் பெரிதில்லை என்று தெரியும். விளம்பரம், கூரியர், திரும்பி வரும் சரக்கு எல்லாம் உங்கள் தலையில். இது புதுப் பிரச்சினையும் இல்லை. எங்கள் ஊர் பனியனுக்கு முன்னால் கதருக்குப் பேர் போன ஊர். 1935இல் காந்தி, நூற்கும் பெண்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு எட்டணா கொடுக்க வேண்டும் என்று எழுதினார். விலை ஏறினால் யார் வாங்குவார்கள் என்று கதர்க்காரர்களே பயந்தார்கள். எட்டணா வரவில்லை, ஆனால் கூலி ஏறியது. கதர் விலையும் ஏறத்தான் செய்தது. மலிவாக விற்க வேண்டும் என்பதற்காக நூற்பவளைப் பட்டினி போட முடியாது என்பதுதான் அவர் பேச்சு. அதற்கும் முன்னால், சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி., 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நின்று கூலி உயர்வு வாங்கிக் கொடுத்தார். எதை வாங்குவது, எதை ஒதுக்குவது என்ற பேச்சும், உண்டாக்குகிறவனுக்கு என்ன கூலி என்ற பேச்சும் நம் மண்ணில் ஒரே வாயில் வந்தவை. வ.உ.சி. முகத்தையும் நான் அடித்திருக்கிறேன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஆர்டரோடு பாதிப் பணம் கொடுங்கள், ஏனென்றால் இங்கே சனிக்கிழமை சம்பளம். வேலை செய்கிறவர்களிடம் 70 நாள் பொறு என்று சொல்ல முடியாது. முடிவை முன்னாலேயே சொல்லுங்கள். நீங்கள் தாமதித்தால் கடைசித் தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகட்டும். கழுத்து லேபிளில் உங்கள் பெயருக்குக் கீழே எங்கே வெட்டியது, எங்கே தைத்தது, எங்கே அச்சடித்தது என்று மூன்று வரி போடுங்கள். வாங்குகிறவர் படிப்பார், கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தாவது ஒவ்வொரு பட்டறைக்காரரும் ஒழுங்காக நடப்பார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த ஏப்ரல் ராத்திரி பையனை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டியவன் நான்.

ஒருமுறை வந்து பாருங்கள். இப்போது என் டேபிளில் நிற்கும் இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள். உங்கள் தமிழ் அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. அர்த்தம் என்ன என்று கேட்பார்கள், எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்வேன். எல்லா ஊரும் நம் ஊர், எல்லோரும் நம் சொந்தம் என்ற பழைய வரியை அடித்த அன்றைக்கு, ஒருவர் அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எழுதினவர் எந்த ஊர் என்று கேட்டார். அன்று அவர் தன் ஊருக்கு எடுத்துப்போக ஒன்று கேட்டதால், கணக்கில் எழுதி ஒரு பீஸ் கொடுத்தேன்.

வரும் மே தினத்துக்கு என்ன வாசகம் போடலாம் என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்திருப்பீர்கள். மார்ச் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். பகல் வேலையிலேயே அடித்துக் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து ஒரு பிரிண்டிங் தொழிலாளி