முதலோடு ஐந்தில் ஒரு பங்கு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

சபை வாலிபர் முகாமுக்கு வசூலாகி உன் கையில் இருந்த காசில் "600 வெள்ளி (ரிங்கிட்) செலவாகிப் போச்சும்மா" என்று அனுப்பியிருந்தாய். காசு தானாகச் செலவாகாது, ஐயா. பொன்னை அக்கினியில் போட்டேன், கன்றுக்குட்டி வந்தது என்று, தானே அந்தச் சிலையைச் செய்த ஆரோன் சொன்னதும் இதே மாதிரிதான் (யாத்திராகமம் 32:24). முதலில் அந்த வாக்கியத்தைத் திருத்து: "நான் எடுத்தேன்."

அடுத்தது கணக்கு. எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 6:5. 600க்கு 120, ஆக 720 வெள்ளி. களவோடு பிடிபட்டவன் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும் (யாத்திராகமம் 22:4). தானே வந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனுக்கு ஐந்தில் ஒன்றுதான். வருடக் கணக்கைத் தணிக்கை செய்யும்வரை உனக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. இந்த 120 பாவமன்னிப்புக்கு விலை இல்லை. அதைச் சிலுவையில் இயேசு செலுத்திவிட்டார். இது உன்னால் மற்றவர்களுக்கு வந்த நட்டத்துக்கு. வரி வசூலித்த சகேயுவும் இயேசு வீட்டுக்குள் வந்த பிறகுதான், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான்.

யாருக்கும் சொல்லாமல் கணக்கில் போட்டுவிடலாமா என்று கேட்டாய். கூடாது. இத்தனை மாதமாகத் தொகை இடித்தபோது பழைய பொருளாளரைத்தானே எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்? காசு திரும்பினாலும் அவர் மேல் விழுந்த கறை அப்படியே நிற்கும். நீ எடுத்ததில் காசைவிடப் பெரியது அவருடைய பெயர். ஆகவே போதகரைப் பார்க்கும் அன்றே அவரையும் நேரில் பார். வாட்ஸ்அப்பில் வேண்டாம், குரூப்பில் போட்டால் ஆறுதல் உனக்குக் கிடைக்கும், அவமானம் அவருக்குப் போகும்.

போவதற்கு முன் பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து, எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதிக்கொள். சுற்றி வளைத்தால் வாய் நியாயம் தேட ஆரம்பித்துவிடும். எடுத்தது என்ன, எப்போது, யாரைப் பாதித்தது, எந்தத் தேதியில் கொடுப்பாய் என்பதை மட்டும் சொல். "ஆனால்", "வீட்டு வாடகை", "மற்றவர்களும்" எதுவும் வாயில் வரக்கூடாது. அங்கேயே மன்னிக்கச் சொல்லிக் கெஞ்சாதே, அவர்களுக்கு நாள் வேண்டும். கோபப்பட்டால் கேட்டுக்கொள்.

பணத்தை ஒருவர் கையிலும் கொடுக்காதே. சபைக் கணக்குக்கே அனுப்பி ரசீது வாங்கு. மொத்தமாக முடியாவிட்டால் மாதம் 240 என்று மூன்று மாதத்துக்குத் தேதியோடு எழுதிக் கொடு. கணக்குப் புத்தகத்தையும் சாவியையும் அன்றே ஒப்படைத்துவிடு. அவர்களாகக் கேட்கும்வரை வைத்திருக்காதே.

இந்த ஞாயிறு திருவிருந்து என்றாய். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற மத்தேயு 5:24 உனக்குத் தெரியும். சனிக்கிழமைக்குள் போய் வா.

720ஐ நான் தரமாட்டேன், தம்பி. என் காசில் அடைத்தால் கொடுத்தவள் நானாகிவிடுவேன். மாதக் கடைசியில் சாப்பாட்டுக்கு இழுபறியானால் மட்டும் சொல். அரிசியும் கருவாடும் கட்டி பினாங்கு பஸ்ஸில் அனுப்பிவைக்கிறேன்.

ஜெபத்துடன்,
அம்மா